பால்மாக் குடும்பத்துக்கு வந்த பசு

எங்கள் வீட்டில் பால் என்றால் அது பால்மாத் தூள்தான். "பால் முடிஞ்சு போச்சு, கடைக்குப் போட்டு வா" என்று அம்மா சொன்னால் பக்கற் ஒன்று வாங்கிவர வேண்டும் என்று அர்த்தம். அப்பா கடலுக்குப் போனவர். அவருடைய அப்பாவும் அப்படித்தான். எங்கள் பரம்பரையில் எவரும் ஒரு மாட்டின் மடியைத் தொட்டதாகத் தகவல் இல்லை. மன்னார் நகரத்தில் மாடுகளுக்குக் குறைவில்லை. கழுதைகளோடு சேர்ந்து பஸ் நிலையத்தில் படுத்துக் கிடக்கும். சந்தைக்குப் பின்னால் நின்று காட்போட் பெட்டிகளைத் தின்னும். ஆனால் அந்த மாடுகளுக்கும் எங்கள் தேநீருக்கும் ஏதாவது தொடர்பு இருக்கலாம் என்று நான் எண்ணியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் 'பசு பால் தரும்' என்று அழகாக எழுதி ஆசிரியையிடம் சரி வாங்கியிருக்கிறேன். அது வேறு ஏதோ ஊரில் நடக்கிற சங்கதி என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் தேநீர் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். குவளையில் பால்மாவும் சீனியும் போட்டு, கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டுக் களிபோலக் குழைக்க வேண்டும். அதன்மேல் கடுஞ்சாயத்தை ஊற்றி உயரத் தூக்கி ஆற்றினால் மேலே நுரை கட்டும். அடியில் கரையாத கட்டி ஒன்றிரண்டு தங்கும். அந்தக் கட்டிக்காக நானும் அக்காவும் முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டிருக்கிறோம்.

இப்படி வளர்ந்த நான்தான் எங்கள் பகுதியான உப்புக்குளத்தில் பசும்பாலின் பெருமையை அதிகம் பேசியவன். காரணம், கலியாணமான புதிதில் மனைவியோடு வேளாங்கண்ணிக்கு யாத்திரை போய்வந்தேன். அங்கே தெருவுக்குத் தெரு பெரிய பாத்திரத்தில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. விடியற்காலையில் சைக்கிளில் பால் போனது, பக்கத்துச் சைவக் கோயிலில் சிலைக்குக் குடம் குடமாகப் பால் ஊற்றினார்கள், மிட்டாய்க் கடைகளில் பாலைச் சுண்டக் காய்ச்சிக் கட்டியாக வெட்டி விற்றார்கள். திரும்பி வந்ததும் ஸ்ரூடியோவுக்கு வருகிறவர்களை எல்லாம் உட்கார வைத்து, "அந்த நாட்டுச் சனம் வாழுது. நாங்கள் மாவைக் கரைச்சுக் குடிச்சுப்போட்டுப் பால் குடிச்சம் எண்டு சொல்லுறம்" என்று முழங்குவேன். அந்த யாத்திரையின் கடைசி நாட்களில் ஒரு பால்மாத் தேநீருக்காக நான் கடை கடையாக விசாரித்து அலைந்ததை மட்டும் சொல்வதில்லை. மனைவிக்கு அது தெரியும். அவள் நல்லவள், ஆட்கள் முன்னால் சொல்ல மாட்டாள்.

ஸ்ரூடியோ என்று சொன்னேன். நகரத்தில் சிறிதாக ஒன்று வைத்திருக்கிறேன். கலியாணம், முதல் நன்மை, பெரியபிள்ளையான பெண்களின் சாமத்தியச் சடங்கு, அடையாள அட்டைப் படம், எல்லாம் எடுப்பேன். மனைவி சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறாள். அவள் விடத்தல்தீவுக்காரி, அவர்களும் கடற்றொழில் குடும்பம்தான். எங்களுக்கு ஒரே மகள். சொல் கேட்கிற வயதைத் தாண்டி, எங்களுக்குச் சொல்கிற வயதுக்கு வந்துவிட்டாள்.

பிறகு, இறக்குமதிக்கு நாட்டில் காசில்லாத அந்தத் தட்டுப்பாட்டுக் காலம் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, மின்சாரம் நினைத்தபோது போகும். அவற்றை எல்லாம் எங்கள் வீடு தாங்கியது. பால்மா இல்லாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. கடை முதலாளிமார் திடீரென்று பெரிய மனிதர்களாகி விட்டார்கள். "பால் இருக்கோ?" என்று வாசலில் நின்று மெல்லக் கேட்டால், முதலாளி தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். அது இருக்கு என்ற ஆட்டலா, இல்லை என்ற ஆட்டலா என்று தெரிந்துகொள்ள சவர்க்காரம், நுளம்புத்திரி எல்லாம் வாங்கிப் பார்க்க வேண்டும். காலையில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பாலில்லாத பிளேன்ரீ குடித்தோம். மகள் மூன்று வேளையும் சண்டை பிடித்தாள். நான் எவருடனும் பேசாமல் இருந்தேன். குடும்பத்தில் ஒருவர் இறந்த மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில்தான் நானாட்டான் பக்கம் ஒரு சாமத்தியச் சடங்குக்குப் படம் எடுக்கப் போனேன். வேலை கிடைப்பதே அரிது. மிச்சம் வைத்திருந்த பெற்றோலில் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனேன். வயல் செய்கிற குடும்பம். சடங்கு முடிந்து பந்தலில் இருந்தபோது வீட்டுக்கார ஐயா என் கையில் ஒரு குவளை தந்தார். பால் தேநீர்! இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, சீனியை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன். எனக்கு அப்போதிருந்த ஆவலில் பாலுக்குப் பதில் சுண்ணாம்பைக் கரைத்துத் தந்திருந்தாலும் பாராட்டியிருப்பேன் என்பது பிறகுதான் விளங்கியது.

"ஐயா, இதுதான் பால்" என்றேன். கண் கலங்கியிருந்ததாக ஞாபகம்.

"ஓம் தம்பி. எங்களுக்கு மாடுகள் நிக்குது. ஆனா இந்த முறை உரமும் இல்லை, டீசலும் இல்லை. ஒண்டை ஆருக்கும் குடுத்திடலாம் எண்டு பாக்கிறன்."

அவர் கையைக் காட்டிய பக்கம் ஒரு செவலைப் பசு நின்றது. பக்கத்தில் ஒரு கன்று. பசு என்னைப் பார்த்தது. ஐயா என் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார்.

இந்த இடத்தில் என்னுடைய அரசியல் ஞானத்தையும் சொல்ல வேண்டும். பெற்றோல் இனி இந்த நாட்டுக்கு வராது என்று நான் உறுதியாக நம்பினேன். அதைப் பற்றி முகநூலில் நீளமாக எழுதியும் இருந்தேன். ஆகவே ஓடாத ஒரு வண்டியைக் கொடுத்துவிட்டு, நாள்தோறும் பால் கறக்கிற ஒரு உயிரை வாங்குவது எனக்கு மிகப் பெரிய கெட்டித்தனமாகப் பட்டது. ஐயா ஒப்புக்காக, "யோசிச்சுச் செய்யுங்கோ தம்பி. பெற்றோல் எண்டைக்காவது வரும்" என்றார். நான் அவருடைய அறியாமையை எண்ணிச் சிரித்தேன்.

ஐயாவின் மச்சான் லான்ட்மாஸ்ரர் என்கிற தன் சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் பசுவையும் கன்றையும் என்னையும் ஏற்றினார். தள்ளாடி என்கிற ஊரின் சந்தி வரைதான் கொண்டுவந்து விட முடியும், அதற்கு மேல் போனால் திரும்பி வர டீசல் காணாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அங்கிருந்து மன்னார்த் தீவுக்குப் போகிற பாலத்து வீதி, இரண்டு பக்கமும் கடல். தோளில் கமராப் பை, ஒரு கையில் பசுவின் கயிறு, மற்றக் கையில் கன்றின் கயிறு. சடங்குக்கென்று உடுத்திய வெள்ளைச் சேட்டு.

சோதனைச் சாவடியில் ஒரு இளம் ஆமிக்காரர் வெளியே வந்தார். என் அடையாள அட்டையைக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கன்றின் நெற்றியைத் தடவிவிட்டுச் சிங்களத்தில், "கிரி தெனவாத?" என்றார். பால் தருமா என்று கேட்கிறார்.

"ஹொந்த கிரி, மாத்தயா" என்றேன். நல்ல பால் என்று. அதுவரை நான் அதன் மடியைக் கிட்ட நின்று பார்த்ததுகூட இல்லை.

பாதி வழியில் காற்று பலமாக அடித்தது. பசு நின்றது, கடலைப் பார்த்தது, பிறகு வீதியின் நடுவில் முன்னங்காலை மடக்கிப் படுத்துவிட்டது. நான் இழுத்தேன், தள்ளினேன், கெஞ்சினேன். பின்னால் வந்த பஸ் ஒன்று நின்று ஹோர்ன் அடித்தது. நடத்துநர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, "அண்ணை, ஒண்டில் மாட்டை எழுப்புங்கோ, இல்லாட்டி நீங்களும் பக்கத்திலை படுங்கோ. நாங்கள் சுத்திப் போறம்" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் யன்னலால் தலையை நீட்டினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நான் கலியாணப் படம் எடுத்திருந்தேன். "நிமிந்து நில்லுங்கோ, சிரியுங்கோ" என்று நான் சொல்லி நின்றவர்கள், இப்போது நான் சொல்லாமலே சிரித்தார்கள்.

எங்களைக் காப்பாற்றியவை கழுதைகள். ஒரு கூட்டம் நகரத்தை நோக்கி அந்த வழியால் ஓடியது. கன்று அவற்றைத் தன் இனம் என்று நினைத்ததோ என்னவோ, கயிற்றை உருவிக்கொண்டு பின்னால் ஓடியது. கன்று ஓட, பசு எழும்பி ஓடியது. பசு ஓட, கயிற்றைக் கையில் சுற்றியிருந்த நானும் ஓடினேன். மன்னார் நகரத்துக்குள் எங்கள் தன்னிறைவு இப்படித்தான் நுழைந்தது: முன்னால் கழுதைகள், நடுவில் மாடுகள், பின்னால் நான்.

மனைவி வீட்டு வாசல் படலையில் நின்று எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"படம் எடுக்கப் போனனீங்கள். மாடு எடுத்துக்கொண்டு வந்து நிக்கிறியள்."

"இனி எங்களுக்குப் பால் பிரச்சினை இல்லை."

"மோட்டச்சைக்கிள் எங்கை?"

நான் பசுவைப் பார்த்தேன். அவளும் பசுவைப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் போய் அடுப்படிப் பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைத்தாள். ஒவ்வொரு சத்தமும் எனக்குத்தான் விழுந்தது.

அடுத்த நாள் காலையில் பால் கறக்கும் கலையை நான் போனில் ஒரு வீடியோ பார்த்துக் கற்றேன். போனை வேலிக் கதியால் தடியில் சாய்த்து வைத்து, வாளியைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு குந்தினேன். வீடியோவில் வந்தவர் "இப்பொழுது மெதுவாக" என்று சொன்ன இடத்தில் விளம்பரம் ஒன்று வந்தது. ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே பால்மா குடித்தது. நான் போனைத் திரும்பிப் பார்த்த நேரம் பசு உதைத்தது. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிறகு பல முறை முயன்றும் ஒரு சொட்டு வரவில்லை. பசுவுக்கு ஏதோ கோளாறு, ஐயா என்னை ஏமாற்றிவிட்டார் என்ற முடிவுக்கு வந்தேன்.

மனைவி குசினி வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "முதல் கண்டை அவிட்டு விடுங்கோவன். தன்ர பிள்ளை குடிக்காமல் எந்தத் தாய் உங்களுக்குத் தூக்கித் தருவாள்?" என்றாள்.

கன்றை விட்டோம். அது முட்டி முட்டிக் குடித்தது. பிறகு மனைவி அதை இழுத்துப் பிடிக்க, நான் மறுபடி குந்தினேன். வாளியின் தகரத்தில் பால் விழுந்த சத்தத்தைக் கேட்டு நான் கத்தியதில் பசு பயந்து மீண்டும் உதைத்தது. ஆனாலும் வாளியில் கொஞ்சம் மிஞ்சியது.

அந்த முதல் தேநீரை நாங்கள் மூவரும் மேசையில் முறையாக உட்கார்ந்து குடித்தோம். குடிப்பதற்கு முன் நான் படம் எடுத்தேன். பசுவோடு ஒன்று, வாளியோடு ஒன்று, குவளையோடு ஒன்று. வெளிச்சம் பார்த்து, கன்று அழகாகத் தெரிகிற மாதிரி. பிறகு குடித்தோம்.

மகள்தான் முதலில் வாய் திறந்தாள். "அப்பா, மாடு மணக்குது."

"அதுதான் ஒறிஜினல் மணம்."

"மேலை ஏதோ தோல் மாதிரி மிதக்குது."

"அதுதான் சத்து. அதை எடுக்காதை, குடி."

உண்மையில் எனக்கும் அப்படித்தான். தேநீர் தண்ணியாக இருந்தது, நாக்கில் எண்ணெய் ஒட்டியது, தொண்டைக்குள் தொழுவம் ஒன்று இறங்கியது போல இருந்தது. அடியில் கட்டியும் இல்லை. மனைவியைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். சுவைத்துக் குடிக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்து, "நல்லா இருக்கு என்ன?" என்றாள். "அருமை" என்றேன்.

அப்போதே "இது எனக்குப் பிடிக்கேல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் படங்களை முகநூலில் போட்டுவிட்டேன். 'எங்கள் வீட்டுப் பால். இனி எவரிடமும் கையேந்த மாட்டோம்' என்று தலைப்பும் கொடுத்திருந்தேன். பிரான்ஸிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சொந்தக்காரர்கள் வாழ்த்தினார்கள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர்கள் எல்லாம் 'நீதான் வழிகாட்டி' என்று எழுதினார்கள். கனடாவிலிருந்து அக்கா போன் எடுத்து அழுதாள். "தம்பி, அப்பா இருந்திருந்தா எவ்வளவு பெருமைப்பட்டிருப்பார்!" அப்பாவுக்கு மாடு என்றால் பயம். அதை அவளும் மறந்துவிட்டாள், நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஞாயிறு பூசையில் நிலைமை இன்னும் மோசமாகியது. பிரசங்கத்தில் பங்குக் குருவான சுவாமி, "எங்கட பங்கிலை ஒரு குடும்பம், கஷ்டகாலத்திலை முறைப்பட்டுக்கொண்டு இருக்காமல் ஒரு பசுவை வாங்கி வளர்க்குது" என்றார். கோயில் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த நிமிர்வுக்குப் பிறகு பின்வாங்க வழியில்லை.

ஆகவே குடித்தோம். காலையும் மாலையும் குடித்தோம். இஞ்சி போட்டுப் பார்த்தோம், ஏலக்காய் போட்டுப் பார்த்தோம். ஸ்ரூடியோவுக்கு வந்தவர்களுக்குப் பசும்பாலின் நன்மைகளைப் பற்றி வகுப்பெடுத்தேன். பசு மட்டும் தன் பாட்டில் இருந்தது. ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு வீட்டு விறாந்தைக்குள் வந்து, நான் ஒட்டுவதற்கு வைத்திருந்த கலியாண அல்பம் ஒன்றின் அட்டையை ஓரமாகத் தின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்கு, "இப்ப இப்பிடி வளைஞ்ச விளிம்புதான் புது டிசைன்" என்று சொன்னேன். நம்பினார்கள்.

காலம் மாறியது. லொறிகள் வரத் தொடங்கின. வரிசைகள் கரைந்தன. ஒருநாள் ஸ்ரூடியோவுக்கு நடந்து போகும்போது (நடந்துதான், மோட்டார் சைக்கிள்கள் என்னைக் கடந்து பறந்துகொண்டிருந்தன) கடைக்குள் பால்மாப் பக்கற்றுகள் மதில் போல அடுக்கியிருந்ததைக் கண்டேன். கால் தானாக நின்றது. முதலாளி சிரித்தார். "உங்களுக்கு இது தேவையில்லையே அண்ணை. வீட்டிலை ஊறுது."

"ஓமோம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பிறகு, என்னைத் தெரியாத ஒரு கடையைத் தேடிப் பெரியகடைப் பகுதி வரைக்கும் போய் ஒரு பக்கற் வாங்கினேன். அதைக் கமராப் பைக்குள் வைத்து ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோய், படம் எடுக்கத் தொங்கவிட்டிருக்கும் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்தேன். கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து, கதவைச் சாத்தி, மாவைக் குழைத்து ஆற்றிக் குடித்தபோது உடம்பு முழுவதும் ஒரு நிம்மதி பரவியது. ஒரு பெண்ணோடு கள்ளத்தொடர்பு வைத்திருப்பவனுக்கு இந்தப் பயமும் இந்தச் சந்தோஷமும் இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அதற்குத் துணிவில்லை, பால்மாவோடு நின்றுவிட்டது. மாலையில் வீட்டுக்குப் போய் மனைவி தந்த பசும்பால் தேநீரையும் குடிப்பேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "இதுதான் பால்" என்பேன்.

அப்படியிருக்க அக்கா வருவதாக அறிவித்தாள். மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வருகிறாளாம். பல வருடங்களுக்குப் பிறகு. "உன்ர மாட்டைப் பாக்கத்தான் முக்கியமா வாறன்" என்றாள். நான் பசுவைக் குளிப்பாட்டினேன். தொழுவத்துக்குப் புதுக் கிடுகுக் கூரை போட்டேன். மனைவி புதுக் குவளைகள் வாங்கினாள்.

அக்கா வந்து இறங்கிய அன்று பின்னேரம், எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்தோம். மனைவி பாலைக் காய்ச்சித் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்தாள். நான் கமராவோடு எதிரே நின்றேன். அக்கா குவளையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தாள். படம் எடுத்தேன். அவள் அப்படியே அசையாமல் இருந்தாள். கண் கலங்கியிருந்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று நினைத்து இன்னொரு படம் எடுத்தேன்.

"என்னக்கா?"

அவள் குவளையை மெல்ல மேசையில் வைத்தாள். "தம்பி, கோவிக்காதை."

"சொல்லுங்கோ."

"நான் கனடாவிலை முப்பொழுதும் இந்த மாட்டுப்பால்தான்ரா குடிக்கிறன். அங்கை ஃபிறிஜ் நிறைய அதுதான். பிளேனிலை வரேக்கை முழுக்க ஒண்டைத்தான் நினைச்சுக்கொண்டு வந்தனான். அம்மா ஊத்துற மாதிரி, மா போட்டு, நல்லாக் குழைச்சு, அடியிலை கட்டி கிடக்க ஒரு தேத்தண்ணி. உன்ர மாட்டை நான் குறை சொல்லேல்லை. ஆனா வீட்டிலை கொஞ்சம் பால்மா இருந்தா..."

நான் வாயைத் திறந்து, வழக்கமான அந்த வகுப்பை எடுக்கத் தயாரானேன். இரண்டு வாக்கியம் பேசியும் விட்டேன். மாவில் சத்து இல்லை, அது வெளிநாட்டுக் குப்பை என்று. அதற்குள் மகள் சிரிக்கத் தொடங்கினாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல்.

"ஏன் பிள்ளை சிரிக்கிறாய்?" என்றாள் அக்கா.

"மாமி, என்ர புத்தகப் பைக்குள்ளை சின்னப் பக்கற் ஒண்டு இருக்கு. ரியூசனிலை சிநேகிதப்பிள்ளை சுடுதண்ணி கொண்டு வருவா. கொண்டு வரட்டோ?"

நான் அதிர்ச்சியடைந்த தந்தையைப் போல முகத்தை வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எழும்பிக் குசினிக்குள் போனாள். அரிசி வாளியின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. கையில் ஒரு பெரிய பக்கற்றோடு வந்தாள். அதன் வாயை உடுப்புக் கவ்வி போட்டு மூடியிருந்தது. பக்கற் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

"நீருமோ?" என்றேன்.

"முதல் முதல் கடைக்கு வந்த அண்டைக்கே வாங்கிப்போட்டன். பள்ளிக்கூடத்திலை ஒண்டு வேறை இருக்கு."

"அப்ப அந்த முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு குடிச்சது?"

"சத்தி வராமல், குடிச்சது வெளியிலை வராமல் இருக்கத்தான்."

"பிறகேன் நல்லா இருக்கு எண்டனீர்?"

"நீங்கள் உதை வாங்கிக் கறந்து கொண்டு வந்து வைக்கேக்கை நான் வேறை என்னத்தைச் சொல்ல?"

அக்கா என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் களவெடுத்துப் பிடிபட்ட என்னை எப்படிப் பார்ப்பாளோ அதே பார்வை. "அப்ப நீ மட்டும்தான் யோக்கியனோ?"

நான் கமராப் பையைத் திறந்தேன். அன்று புதிதாக வாங்கி, ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோக மறந்திருந்த பக்கற்றை எடுத்து மேசையில் வைத்தேன். மனைவி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கதிரையில் இருந்து மேசையில் தலையைக் கவிழ்த்து அழுகிற மாதிரிச் சிரித்தாள். நான் சிரிக்க ஆரம்பித்தபோது மகள் என் கமராவை எடுத்து என்னைப் படம் பிடித்தாள். அந்தப் படத்தை எவருக்கும் காட்டக் கூடாது என்று கேட்டிருக்கிறேன். காட்டியிருப்பாள்.

அன்று அக்கா தானே குசினிக்குள் நின்று எல்லோருக்கும் மா குழைத்தாள். கட்டி வேண்டுமென்று சரியாகக் குழைக்காமல் விட்டாள். நானும் அவளும் கரண்டியால் குவளையின் அடியைச் சுரண்டியபோது மனைவி, "உங்கட அப்பா வீட்டுப் பழக்கம்" என்று மகளிடம் சொன்னாள்.

அக்கா இருந்த நாட்களிலேயே பசுவை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. நானாட்டான் ஐயாவுக்குப் போன் எடுத்தேன். மாட்டைத் திருப்பித் தந்தால் மோட்டார் சைக்கிளைத் தருவாரா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். ஐயா மிகவும் வருத்தப்பட்டார்.

"அதை என்ர மூத்தவளின்ர மாப்பிள்ளைக்குக் குடுத்திட்டனே தம்பி. அருமையான வண்டி. நல்லா வைச்சிருந்திருக்கிறீங்கள்."

விற்றுவிடலாம் என்று நான் சொன்னபோது மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "அது என்ன பிழை செய்தது? அது பால்தானே தந்தது. குடிக்கத் தெரியாதது நாங்கள்" என்றாள். அடுத்த தெருவில் தயிர் போட்டு விற்கிற ஒரு அம்மா இருக்கிறார். அவர் காலையில் வந்து பாலை எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினார். பதிலுக்குத் தயிர்ச் சட்டி ஒன்று வரும். பனம்பாணி விட்டு அதை நாங்கள் வழித்துச் சாப்பிட்டோம். சந்தோஷம்தான், ஆனால் அது அந்த அம்மாவின் கைத்திறன். நான் கறந்ததை நானே விரும்பிச் சாப்பிட்டேன் என்று சொல்ல எனக்கு இன்னும் ஒன்றும் இல்லாமல் இருந்தது. கறக்கிற வேலை மட்டும் என் கைக்குப் பழகியிருந்தது. பசுவின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு கறந்துகொண்டிருக்கும்போது எனக்குப் பேசத் தோன்றாது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று விளங்கும்.

சினைப்பட்டிருந்த பசு அடுத்த மாரி மழைக்கு மறுபடி கன்று ஈன்றது. மழை விட்டிருந்த ஒரு காலையில் வைக்கோல் போடப் போனேன். ஈரமான ஒரு சின்னக் கன்று கால் நடுங்க நின்றுகொண்டிருந்தது. பசு அதை நக்கிக்கொண்டிருந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். கன்று வயிறாரக் குடித்த பிறகும் மடியில் மிச்சம் இருந்தது. அதை மெல்லக் கறந்தேன். மஞ்சளாக, தடிப்பாக இருந்தது. எனக்கு மனம் சரியில்லை.

"நோயோ தெரியேல்லை. நிறம் மாறி வருது."

மனைவியோடு படிப்பிக்கிற ஆசிரியை ஒருவர் நானாட்டான்காரி. அவருக்குப் போன் எடுத்துக் கேட்டாள். அவர் மறுபக்கத்தில் சிரித்தது எனக்கே கேட்டது. கன்று ஈன்ற முதல் நாட்களில் அப்படித்தான் வருமாம். அதற்குக் கடும்பு என்று பெயராம். பனங்கட்டியும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சினால் தானாகத் திரளுமாம்.

காய்ச்சினோம். சட்டியில் அது கட்டி கட்டியாகத் திரண்டபோது, "கெட்டுப்போச்சு" என்றேன். "பொறுங்கோ" என்றாள் மனைவி. தண்ணீர் வற்றி, பனங்கட்டி நிறம் ஏறி, குசினி முழுவதும் வாசம் பரவியது. நான் ஒரு கரண்டி எடுத்து ஊதி வாயில் போட்டேன். மெதுவாக, மணல் மணலாக, இனிப்பாகக் கரைந்தது. ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி எடுத்தேன். நல்லது என்று பொய் சொல்லிச் சொல்லியே எங்கள் வீட்டில் என் வார்த்தைக்கு மதிப்புப் போயிருந்தது.

மகள் நித்திரையால் எழும்பி வந்து சந்தேகத்தோடு சட்டியை எட்டிப் பார்த்தாள். மணந்து பார்த்தாள். நுனி நாக்கால் தொட்டாள். பிறகு தட்டொன்றை எடுத்து நிறையப் போட்டுக்கொண்டு நிலத்தில் குந்தி இருந்து சாப்பிட்டாள். தட்டு வெறுமையானதும் மறுபடி நீட்டினாள்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. "பிள்ளை, உண்மையாச் சொல்லு. நல்லா இருக்கோ? இல்லாட்டி அப்பாவுக்காகச் சாப்பிடுறியோ?"

"அப்பாவுக்காக இனி ஒண்டும் சாப்பிடுறேல்லை எண்டு நான் எப்பவோ முடிவெடுத்திட்டன்" என்றாள் அவள். பிறகு எனக்கென்று சட்டியில் மிச்சம் இருந்ததையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.